எங்கள் தெருவின் ஆர்.டி. அக்கா

குடும்பத் தலைவிக்கு 'வீட்டு நிதி மந்திரி' என்று பட்டம் கொடுத்துவிட்டு, பணத்தை மட்டும் தங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளும் ஆண்கள் நம்மில் பல வீடுகளில் உண்டு. காய்கறிக்கு நூறு, பால்காரருக்கு ஐநூறு என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, மாசக் கடைசியில், "எங்கே போச்சு அத்தனை பணமும்?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவள் மந்திரி!

இப்படிப்பட்ட வீடுகளுக்குள்ளே முப்பது வருஷத்துக்கு மேலாகப் போய் வந்துகொண்டிருப்பவர் என் மாமியார். ராசிபுரத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. 'ஆர்.டி. அக்கா' என்றால்தான் தெரியும். தபாலாபீசில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு இருக்கிறதே, அதுதான் ஆர்.டி. வீடு வீடாகப் போய் அந்தப் பணத்தை வாங்கி, தபாலாபீசில் கட்டி, புத்தகத்தில் பதிவு செய்துகொண்டு வந்து காட்டும் மகளிர் முகவர் வேலை அவருடையது.

'நிதி ஆலோசகர்' என்று கண்ணாடி அறையில் பெயர்ப்பலகை மாட்டி உட்கார்ந்திருப்பவர்களைச் சென்னையில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் அந்தத் தொழிலுக்கு வித்திட்டது 1969-ஆம் ஆண்டு சிகாகோவில் 13 பேர் கூடிப் பேசிய ஒரு கூட்டம் என்பார்கள். நம் நாட்டில் கட்டணம் வாங்கி முதலீட்டு ஆலோசனை சொல்பவர்கள் 'செபி'யிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதிமுறை 2013-இல் வந்தது. எங்கள் அத்தைக்கு அந்தப் பட்டமெல்லாம் கிடையாது. அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. ஆனால் அவர் திண்ணையில் உட்கார்ந்து செய்யும் காரியம் அதேதான் என்பது என் எண்ணம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பையைத் தோளில் மாட்டிய கதை

நாடு முழுவதும் மகளிர் முகவர்களை வைத்துச் சிறுசேமிப்பு திரட்டும் இந்தத் திட்டம் 1972 ஏப்ரலில் வந்தது. 'மகிளா பிரதான் க்ஷேத்ரீய பசத் யோஜனா' என்று நீளமான இந்திப் பெயர். பெண்கள் மட்டுமே முகவர் ஆகலாம். அனுமதி கொடுப்பது தபாலாபீஸ் அல்ல, மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

அத்தை மனுப் போட்டது 1993-இல். அப்போது ராசிபுரம் சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஒரு கையெழுத்துக்கு மூன்று முறை சேலத்துக்குப் பஸ் ஏறினாராம். நாமக்கல் தனி மாவட்டமாக ஆனது 1997 ஜனவரி 1-ஆம் தேதி. அதற்கப்புறம் புதுப்பிக்கப் போவதெல்லாம் நாமக்கல்லுக்கு. "கலெக்டர் ஆபீஸ் நமக்காகப் பக்கத்தில வந்துட்டுது பாரு" என்று இப்போதும் சிரிப்பார்.

மாமனாருக்குத் தறிக்கூலி. மூன்று குழந்தைகள். வெளியில் போய் வேலை பார்க்க வீட்டில் சம்மதம் இல்லை. "வீட்டைச் சுத்தித்தான் நடப்பேன், பொம்பளைகிட்டத்தான் பேசுவேன்" என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டாராம். நடந்து நடந்து அந்த 'வீட்டைச் சுத்தி' என்பது நாலு தெரு, எட்டுத் தெரு என்று விரிந்து, கடைசியில் ஆண்டகளூர்கேட் வரைக்கும் போய்விட்டது!

இதில் வருமானம் என்ன என்று கேட்பீர்கள். 100 ரூபாய் வசூலித்துக் கட்டினால் அரசாங்கம் 4 ரூபாய் கமிஷன் கொடுக்கும். சேமிப்பவர் பணத்தில் ஒரு காசு பிடிப்பதில்லை. 2011 டிசம்பரில் வேறு பல சேமிப்புத் திட்டங்களுக்கு முகவர் கமிஷனைப் பாதியாகக் குறைத்தார்கள், சிலவற்றுக்கு நிறுத்தியே விட்டார்கள். அப்போதும் மகளிர் முகவரின் இந்த 4 ரூபாயில் மட்டும் கை வைக்கவில்லை. மாதம் 60,000 ரூபாய் கட்டினால் 2,400 ரூபாய். அத்தையின் மூத்த மகள் படிப்பும், என் வீட்டுக்காரர் படிப்பும் இந்தப் பணத்தில் நடந்தவை.

தேதியில் இருக்கிறது சூட்சுமம்

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பெண். படித்தது பத்தாம் வகுப்பு. அப்பாவுக்கு வெள்ளிப் பட்டறையில் வேலை. கொலுசு செய்யும் ஊரில் பிறந்து, அம்மாவின் காலில் கொலுசு இருந்த நாளைவிட அடகுக் கடையில் இருந்த நாள்தான் அதிகம் என்று பார்த்து வளர்ந்தவள். சேமிப்பு என்றால் மிச்சம் இருந்தால் வைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மிச்சம் என்று ஒன்று எந்த வீட்டிலும் தானாக இருக்காது என்பதைக் கல்யாணத்துக்கு அப்புறம் அத்தையிடம்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் முதல் தேதி சம்பளம் வாங்குபவர்கள் எத்தனை பேர்? தறி வீட்டில் வாரக் கூலி. லாரி டிரைவர் வீட்டில், அவர் வடக்கே லோடு ஏற்றிப்போய் இருபது நாள் கழித்து வந்தால்தான் பணம். திருச்செங்கோட்டுப் போர்வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போய்விடுவார்கள். மழைக் காலத்தில்தான் ஊர்ப்பக்கம் தலை காட்டுவார்கள். குச்சிக்கிழங்கு போட்டவருக்கு, பத்து மாதம் கழித்துக் கிழங்கு பிடுங்கி சேகோ பேக்டரிக்குப் போனால்தான் காசு. கோழிப் பண்ணையில் வேலை செய்பவருக்கு மட்டும் மாசச் சம்பளம்.

இத்தனை விதமான வீடுகளுக்கும் ஒரே மாதிரி 'மாதம் தவறாமல் கட்டு' என்றால் நடக்குமா? இங்கேதான் அத்தையின் கெட்டிக்காரத்தனம்.

ஆர்.டி.யில் ஒரு விதி உண்டு. மாதம் 15-ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16-ஆம் தேதிக்கு மேல் தொடங்கினால் மாதக் கடைசி வரைக்கும் கட்டலாம். பண்ணைச் சம்பளக்காரிக்கு முன் பாதியில் தொடங்கிக் கொடுப்பார். புருஷன் எப்போது வருவாரென்று தெரியாத டிரைவர் வீட்டுக்குப் பின் பாதி. தறி வீட்டுக்கு வாரம் ஒரு தொகை தனி டப்பாவில் போட்டு, நாலாவது வாரம் கொடுக்கச் சொல்வார்.

போர்வண்டி வீட்டுக்கு வேறு கணக்கு. ஆறு மாதத் தவணையை ஒரேயடியாக முன்கூட்டிக் கட்டினால், 100 ரூபாய்க் கணக்குக்கு 10 ரூபாய் தள்ளுபடி. பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டினால் 40 ரூபாய். "உங்க வீட்டுக்காரரு பணத்தோட வந்து இறங்கின அன்னிக்கே கட்டிரு கண்ணு. மூணாம் நாள் அந்தப் பணம் உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்பார். கட்டாமல் விட்டாலோ 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். நாலு தவணை தவறினால் கணக்கு முடங்கிவிடும், இரண்டு மாதத்துக்குள் உயிர் கொடுக்கலாம். இந்த விதிகளெல்லாம் எல்லாத் தபாலாபீசிலும் இருப்பவைதான். ஆனால் கவுண்டரில் கூட்டத்தில் நிற்கும் போது இதையெல்லாம் உட்கார வைத்து யார் நமக்குச் சொல்வார்கள்?

குறைந்த தொகை ஒரு காலத்தில் மாதம் 10 ரூபாயாக இருந்தது. 2019 டிசம்பரிலிருந்து 100 ரூபாய். 60 மாதம் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் வட்டி 6.7 விழுக்காடு ஆயிற்று. அந்த வட்டியில் மாதம் 100 கட்டினால் ஐந்து வருஷ முடிவில் 6,000 ரூபாய் சுமார் 7,136 ஆகிக் கைக்கு வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியை அரசு பரிசீலிக்கும். ஆனால் நீங்கள் தொடங்கும் நாளில் உள்ள வட்டிதான் உங்கள் ஐந்து வருஷத்துக்கும். ஆகவே தொடங்குகிற அன்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கமிஷன் இல்லாத வார்த்தைகள்

"கமிஷனுக்காகத்தானே வர்றே" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவர்களும் உண்டு. அத்தைக்குக் கோபம் வராது. "ஆமா, கமிஷனுக்குத்தான் வர்றேன். இந்தா, கமிஷன் இல்லாததும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க" என்பார்.

பெண் குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் முதலில் செல்வமகள் திட்டத்தைத்தான் சொல்வார். 2015 ஜனவரியில் வந்த திட்டம். பத்து வயது ஆவதற்குள் பெண் பேரில் தொடங்க வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டினால் போதும், 21 வருஷம் முடிந்ததும் முதிர்ச்சி. 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 ஆனது. ஆர்.டி.யைவிட அதிகம். இதில் அத்தைக்கு ஒரு பைசா கிடையாது. ஆர்.டி.க்கு வர வேண்டிய பணம் அங்கே போனால் அவருக்கு நஷ்டம்தான். நான் ஒரு தடவை, "ஏன் அத்தை, நம்ம தலையில நாமே மண்ணைப் போட்டுக்கணுமா?" என்று கேட்டதற்கு, "அந்தப் புள்ள பெரிசாகி என்னை நெனைச்சுப் பாக்குமில்ல, அப்ப என்ன நெனைக்கணும்?" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச!

வட்டிக் கடன் வைத்திருக்கும் வீட்டில் புதுக் கணக்கே தொடங்க மாட்டார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு 10,000 வாங்கியிருந்தால் வருஷத்துக்கு 3,600 ரூபாய் வட்டி. அதே வீட்டில் மாதம் 500 ஆர்.டி. போட்டால் முதல் வருஷம் தேறுகிற வட்டி சுமார் 220 ரூபாய். "ஓட்டைக் குடத்துல தண்ணி மொண்டு ஊத்தாத. முதல்ல ஓட்டையை அடை. அப்புறம் நானே வர்றேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

தன்னிடமே ஆர்.டி. இருக்கும் பெண் அவசரத்துக்கு வட்டிக்காரரிடம் ஓடினால் மட்டும் சத்தம் போடுவார். பன்னிரண்டு தவணை கட்டி ஒரு வருஷம் முடிந்திருந்தால், கட்டிய பணத்தில் பாதி வரைக்கும் தபாலாபீசிலேயே கடன் வாங்கலாம். ஆர்.டி. வட்டியைவிட 2 விழுக்காடுதான் கூடுதல். "உன் பணத்துமேல நீயே கடன் வாங்கறதுக்கு என்ன வெக்கம்?" என்பார்.

2012-ஐ எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஈமு கோழி வருஷம்! கொங்குப் பக்கம் முழுக்க ஈமுப் பேச்சுத்தான். பணம் கட்டினால் பறவை தருவார்கள், தீவனம் தருவார்கள், மாதாமாதம் ஆயிரக்கணக்கில் வீடு தேடி வரும் என்று விளம்பரம். ஆர்.டி.யைப் பாதியில் முடித்துக் கொடு என்று வரிசையாக வந்து நின்றார்கள். மூன்று வருஷம் ஆகாமல் முடிக்கவே முடியாது, முடித்தாலும் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். "அந்தக் கோழியோட முட்டையை யாரு வாங்கறா, கறியை யாரு திங்கறா, அதை மட்டும் எனக்குச் சொல்லிட்டுப் போ" என்று அத்தை கேட்ட ஒரே கேள்விக்கு ஒருத்தராலும் பதில் சொல்ல முடியவில்லை. நாமக்கல் கோழி முட்டை எங்கே போகிறது என்று எங்கள் ஊர்ச் சின்னப் பையனுக்கும் தெரியும். ஈமு முட்டை?

சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் கேட்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே எல்லாம் சரிந்து, ஆயிரக்கணக்கானோர் காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். முதலீட்டாளர்களைக் காக்க 1997-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி வழக்கும் நடந்தது. ஆனால் சட்டம் பணத்தைத் தேடிப் போவதற்குள் பெண்ணின் கல்யாண வயது தாண்டிவிடுகிறதே! எங்கள் தெருவிலேயே ஒரு வீடு காட்டை விற்றது. அத்தை அந்த வீட்டுக்கு, 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மறுபடியும் மாதம் 100-க்கு ஒரு கணக்குத் தொடங்கி வைத்தார், அவ்வளவுதான்.

கூத்தும் பல்லாங்குழியும்

எப்போதும் கணக்கு, வட்டி என்று இருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தைக்குக் கூத்து என்றால் உயிர். மாரியம்மன் பண்டிகை வந்தால் எந்த ஊரில் எந்த இரவு என்ன கதை என்று விரல் நுனியில் வைத்திருப்பார். பாயைச் சுருட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தால் விடியும் வரை கண் கொட்ட மாட்டார். விடிந்ததும் வந்து குளித்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வசூலுக்குக் கிளம்பிவிடுவார்.

ஒரு முறை அரிச்சந்திரன் கதை பார்த்துவிட்டு வரும்போது சொன்னார்: "பாத்தியா கண்ணு, தருமன் சூதாடினான், நளன் சூதாடினான், அரிச்சந்திரன் வாக்குக் கொடுத்துக் கடன்பட்டான். மூணு பேரும் ராசாதான். ஆனா காட்டுல நடந்ததும், விலைக்குப் போனதும் யாரு? பொண்டாட்டிதான். அந்த மூணு பேருல ஒருத்தராவது, 'ஏம்மா, இதை வெக்கட்டுமா'ன்னு கேட்டானா?"

நான் அரிச்சந்திரன் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு கணக்கு அதில் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மத்தியான நேரத்தில் பல்லாங்குழி. என் பெண்ணோடு விளையாடினால், எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கையை வைப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுவார். வாசலில் கனகாம்பரம். நாற்பது செடிக்குக் குறையாது. வசூலுக்குப் போகும்போது ஒரு முழம் கட்டி எடுத்துப் போவார். அந்த மாதம் தவணை கட்ட முடியாமல் தலை குனிந்து நிற்கும் பெண்ணிடம் அந்தப் பூவைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவார். கிளை நூலகத்திலும் உறுப்பினர். இரண்டு புத்தகம் எடுத்து வந்தால் ஒன்றை எனக்குக் கொடுத்துவிடுவார்.

நாமினி யார்?

2019-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு லாரி டிரைவர் குடும்பம். இரண்டு பெண் குழந்தைகள். கல்யாணத்துக்கு முன்பே அவர் ஒரு ஆர்.டி. போட்டு, முடிந்து, மறுபடி போட்டிருந்தார். நாமினி என்ற இடத்தில் காலமாகிவிட்ட அவருடைய தகப்பனார் பெயர் இருந்தது. அத்தை ஒவ்வொரு மாதமும் போய், "பேரை மாத்து சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சிரித்துக்கொண்டே, "நான் என்ன நாளைக்கே போயிடப் போறேனாக்கா?" என்பார். ஒரு தடவை அவர் ஊரில் இருந்த நாளில், பாரத்தைக் கையிலேயே எடுத்துப் போய், காபி குடித்து முடிப்பதற்குள் கையெழுத்து வாங்கிவிட்டார். கூடவே வருஷத்துக்கு 12 ரூபாய் கட்டும் விபத்துக் காப்பீட்டிலும் சேர வைத்தார். பிரதமர் பெயரில் 2015 மே மாதம் வந்தது அது. 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய். 18 வயதிலிருந்து 70 வரைக்கும் சேமிப்புக் கணக்கு உள்ள யாரும் சேரலாம். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம்.

நாலே மாதம். வடக்கே ஒரு சாலையில் வண்டி கவிழ்ந்து அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பது வயதுகூட நிரம்பாத பெண். எந்தப் பணம் எங்கே என்று எதுவும் தெரியாது. பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினார். நாமினி அவள் பேரில் இருந்ததால், இறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் கொடுத்து ஆர்.டி. பணத்தை வாங்க முடிந்தது. காப்பீட்டுக்கு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை என்று கேட்டார்கள். வெளி மாநிலத்தில் நடந்ததால் அலைச்சல்தான். இருந்தாலும் பணம் வந்தது. நாமினியாக அந்தத் தகப்பனார் பெயரே இருந்திருந்தால், வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் என்று எத்தனை மாதம் நடந்திருப்பாள்! இன்று அவள் தையல் மிஷின் வைத்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்கிறாள். மூத்த பெண் நர்ஸ் படிப்பு படிக்கிறாள்.

அந்த வாரம் அத்தை கூத்துக்குப் போகவில்லை. கனகாம்பரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "அந்தப் பையன் சிரிச்சிக்கிட்டே கையெழுத்துப் போட்டானே" என்று மட்டும் சொன்னார்.

இனி யார்?

இப்போது அத்தைக்கு முழங்கால் வலி. படி ஏற முடியவில்லை. கார்பன் தாள் வைத்துப் பட்டியல் எழுதின காலம் போய், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதை சில வருஷமாக நான்தான் செய்து கொடுக்கிறேன். போனிலேயே ஆர்.டி. கட்டும் வசதியும் வந்துவிட்டது. 2018 செப்டம்பரில் ஆரம்பித்த தபால்துறைப் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கிலிருந்து கட்டிவிடலாம். இளவயசுப் பெண்கள் சிலர் அப்படியே மாறிவிட்டார்கள். அது நல்லதுதான், யாரும் குறை சொல்ல முடியாது.

"பேசாம விட்டுரலாம்மா. இந்தக் காலத்துல இதுக்கு ஏஜெண்ட் எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். சேகோ பேக்டரியில் எடை போடும் வேலை அவருக்கு. அம்மா வெயிலில் நடப்பது பொறுக்காமல் சொன்னதுதான். "ஏம் புள்ள, நீயும் இதுல மாட்டிக்கிறாத. நாலு ரூபா கமிஷனுக்கு அடுத்தவங்க பணத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கணும். ஒரு ரூபா குறைஞ்சாலும் பழி நம்ம மேல" என்று என்னிடமும் சொன்னார்.

அவர் பயமும் நியாயம்தான். வசூலித்த பணத்தைக் கட்டாமல் ஏமாற்றிய முகவர்கள் பற்றியும் பேப்பரில் வருகிறதே. அதனால்தான் அத்தை தன்னிடம் கட்டுபவர்களுக்கே பாடம் சொல்வார்: "என்னை நம்பாத. புத்தகத்தை நம்பு. மாசாமாசம் பதிவு இருக்குதான்னு பாத்துட்டு அடுத்த பணத்தைக் குடு." இப்படி, தன்னைச் சந்தேகப்படச் சொல்லிக் கொடுக்கிற வியாபாரி வேறு எங்கே இருக்கிறார்?

நான் பத்து நாள் யோசித்தேன். போன் தவணையைக் கட்டிவிடும். ஆனால், 'ஏன் கண்ணு இந்த மாசம் முகம் வாடியிருக்குது?' என்று கேட்குமா? இறந்துபோனவர் பேரில் நாமினி இருக்கிறது என்று காபி டம்ளரோடு துரத்துமா? கடன் இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று திருப்பி அனுப்புமா? சிகாகோவில் படித்த ஆலோசகரும் முதலில் கேட்பது, வருமானம் எப்போது வருகிறது, கடன் எவ்வளவு, உன்னை நம்பி எத்தனை பேர், நாளைக்கு உனக்கு ஒன்று ஆனால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான். இந்த நாலு கேள்வியையும் எங்கள் தெருவில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாமா?

என் பேரில் மனு எழுதிவிட்டேன். வீட்டுக்காரரும் ஒரு நிபந்தனையோடு சரி என்றார்: வாங்கின பணத்தை ராத்திரி வீட்டில் வைக்கக் கூடாது, அன்றன்றைக்குத் தபாலாபீசில் சேர்த்துவிட வேண்டும். அத்தை இத்தனை வருஷமாகக் கடைப்பிடித்ததும் அதுதான்.

1924-இல் இத்தாலியில் மிலான் நகரத்தில் சேமிப்பு வங்கிகள் கூடிப் பேசி ஏற்படுத்திய உலகச் சிக்கன நாளை நம் நாட்டில் அக்டோபர் 30-ஆம் தேதி கொண்டாடுகிறோம். சகோதரிகளே, அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு மத்தியானம், வீட்டில் உள்ள பாஸ் புத்தகம், பாலிசி எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் நாமினி யார் என்று பாருங்கள். தபாலாபீஸ் கணக்கில் ஒருவருக்கு மேலும் போடலாம். கணக்கு எண்களை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். அதற்குக் கமிஷன் யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு அனுமதி வந்ததும் முதல் கணக்கு தனக்குத்தான் என்று அத்தை இப்போதே இடம் பிடித்துவிட்டார். மாதம் 500 ரூபாய், ஐந்து வருஷம். "அறுபத்தஞ்சு வயசுக்குக் கிட்ட வந்தாச்சு, எதுக்கு அத்தை?" என்று கேட்டேன்.

"காசிக்குப் போகணும். அரிச்சந்திரன் நின்ன அந்தக் கட்டத்தைக் கண்ணால பாக்கணும். என் சொந்தக் காசுல போகணும்" என்றார்.

இப்போதைய வட்டியே இருந்தால் முடிவில் 35,680 ரூபாய் போல வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். தவணை தேதி மட்டும் 16-க்கு மேல் இருக்கட்டும் என்கிறார்.